முடிக்கு முன்னால் உடம்பு

நாய், பூனைகளை வரையத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் முடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்து, நெற்றியில் ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு பொழுது முழுக்க உழைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் கான்வாஸில் முடி இருக்கிறது, நாயைக் காணோம். மண்டை தட்டையாக இருக்கிறது, மூக்கு முகத்தோடு சேரவில்லை, கண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன. இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப் போவது ஒரே விஷயத்தை: முடி கடைசி வேலை. அதற்கு முன்னால் மண்டையும் கழுத்தும் நெஞ்சும் வெளிச்சமும் நிழலுமாகக் கான்வாஸில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்துவிட்டால் கொஞ்சம் முடி போட்டாலே போதும், மீதியைப் பார்ப்பவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

குதிரை ஓவியங்களுக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் ஸ்டப்ஸ், இறந்த குதிரைகளைத் தோலுரித்து, தசை தசையாகப் பிரித்துப் பார்த்து வரைந்தவர். குதிரையின் உடற்கூறு பற்றி 1766-ல் ஒரு நூலே வெளியிட்டார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அவருடைய ‘விசில்ஜாக்கெட்’ ஓவியத்தில் குதிரை கிட்டத்தட்ட நிஜ அளவில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. பின்னணியில் மரமும் இல்லை, வானமும் இல்லை, ஆள் அம்பும் இல்லை. வெறும் பழுப்புத் தளம். அந்தக் குதிரையின் தோலுக்கு அடியில் தசை திரண்டிருப்பது தெரிவதால்தான் அதற்கு வேறு துணை தேவைப்படவில்லை. நாம் எதையும் அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் நாயைத் தடவிக்கொடுக்கும்போது விரலால் கவனியுங்கள். புருவ எலும்பு எங்கே மேடாகிறது, கன்னத்து எலும்பு எங்கே முடிகிறது, காது மண்டையில் எந்த உயரத்தில் தொடங்குகிறது, தொண்டைக்குக் கீழே எங்கே குழி விழுகிறது. போட்டோவில் தெரியாத மேடு பள்ளங்கள் விரலுக்குத் தெரியும். வரையும்போது அந்த நினைவு கைக்கு வரும்.

எடுத்துக்காட்டுக்கு ராஜபாளையம் நாயை வைத்துக்கொள்கிறேன். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், மடிந்து தொங்கும் காது, ஆழமான நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, ஒட்டிய குட்டை முடி. புள்ளியோ பட்டையோ இல்லாததால் உருவத்தில் தப்பு நடந்தால் மறைக்க இடமே கிடையாது. வெளிச்சமும் நிழலும் மட்டுமே அந்த உடம்பைக் காட்ட முடியும். இந்த நாய் கைவந்துவிட்டால் மற்ற பிராணிகள் எளிது.

போட்டோ நன்றாக இருந்தால் பாதி வேலை மிச்சம்

நாய் உட்கார்ந்து போஸ் கொடுக்காது. போட்டோ வைத்துத்தான் வரையப் போகிறோம், ஆகவே போட்டோவை நீங்களே எடுப்பது உத்தமம். நின்றபடி கீழே பார்த்து எடுக்காதீர்கள். மண்டை பெரிதாகி, கால்கள் குட்டையாகி, நாய் பொம்மை மாதிரி விழும். தரையில் உட்கார்ந்து, வேண்டுமானால் படுத்து, போனை அதன் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முகத்துக்கு மிக அருகிலும் போகாதீர்கள். போன் கேமரா அருகில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். ராஜபாளையம் நாய்க்கு மூஞ்சி நீளம், அது இன்னும் நீண்டு காதுகள் பின்னால் சுருங்கிப் போகும். ஆறேழு அடி தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள்.

ஃப்ளாஷ் வேண்டாம். நாய், பூனைகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. ஃப்ளாஷ் அடித்தால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும், கண்ணின் நிஜ நிறம் போய்விடும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் திண்ணையோ ஜன்னலோரமோ மிக நல்லது. உச்சி வெயிலில் வெள்ளை நாயை எடுத்தால் வெளிச்சப் பக்கம் முழுக்க வெறும் வெள்ளையாக எரிந்துபோய் ஒரு விவரமும் மிஞ்சாது. திரையில் நாயின் வெள்ளை உடம்பின் மேல் விரலை வைத்து, வெளிச்ச அளவைக் கீழே இறக்கிவிட்டு எடுங்கள். போட்டோ மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, மேடு பள்ளம் அதில் இருக்கும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாய்கள் காதைப் பின்னுக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் தலைக்குப் பின்னால் வேறொருவர் பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரக்கச் செய்தால் காது முன்னால் வரும், கண் விரியும். அந்த விநாடியில் பல படங்களாக எடுத்துத் தள்ளுங்கள். நிற்கும் தோரணைக்கு ஒரு படம், கண்ணின் நிறத்துக்கு ஒன்று, காது மடிப்புக்கு ஒன்று என்று பின்னால் பிரித்துக்கொள்ளலாம். வேறொருவர் வீட்டு நாயை வரைவதானால், போட்டோவை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கட்டம் கட்டமாக உடையும். இணையத்தில் கண்ட யாரோ எடுத்த படத்தைப் பார்த்து விற்பனைக்கு வரைவது முறையல்ல. எடுத்தவரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

தளமும் கோடும்

முதல் படத்துக்கு 12க்கு 16 அங்குலக் கான்வாஸ் போதும். நாயின் தலையும் கழுத்தும் நெஞ்சின் மேல்பகுதியும் அதில் தாராளமாக அமையும். கடையில் வாங்கும் கான்வாஸில் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசியிருப்பார்கள். அதன் மேல் இன்னும் ஒரு கோட் ஜெஸ்ஸோ அடித்து, காய்ந்த பின் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். துணியின் நெசவு மிகவும் துருத்திக்கொண்டிருந்தால் கண்ணைச் சுற்றியுள்ள நுணுக்கமான வேலை சொரசொரப்பாகிவிடும்.

வெள்ளைக் கான்வாஸில் வெள்ளை நாயை வரைய முடியாது. எல்லா நிறமும் அதன் மேல் கறுத்துத் தெரியும், கண் ஏமாறும். எல்லோ ஓக்கரோடு துளி பர்ன்ட் அம்பர் சேர்த்து, தண்ணீரும் அக்ரிலிக் மீடியமும் கலந்து நீர்க்கச் செய்து, கான்வாஸ் முழுக்கத் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த மண் நிறம் கிடைக்கும். இதன் மேல் வைக்கும் வெள்ளை உடனே வெள்ளையாகத் தெரியும், நிழலும் உடனே நிழலாகத் தெரியும்.

கோடு போடக் கட்ட முறை நம்பகமானது. போட்டோவை 6க்கு 8 அங்குலத்துக்கு வெட்டி அச்செடுத்து ஓர் அங்குலக் கட்டங்கள் போடுங்கள். கான்வாஸில் இரண்டு அங்குலக் கட்டங்கள். இரண்டிலும் 48 கட்டம் வரும். கட்டம் கட்டமாகப் பார்த்து வெளிக்கோட்டையும் கண், மூக்கு, காது இருக்கும் இடங்களையும் மாற்றுங்கள். கரிய பென்சிலை அழுத்திப் போடாதீர்கள். வெளிர் நிறம் பூசும்போது பென்சில் கரி கரைந்து அழுக்காகும், மெல்லிய வெள்ளைக்குள்ளிருந்து எட்டியும் பார்க்கும். பழுப்பு நிற வாட்டர்கலர் பென்சில் நல்லது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இரண்டு கண்களின் உள்மூலைகளையும் மூக்கின் நடுவையும் இணைத்து ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். போட்டோவில் உள்ள முக்கோணமும் கான்வாஸில் உள்ளதும் ஒன்றாக இல்லையென்றால் அது வேறு நாய். ஒரு நூல் அளவு பிசகினாலும் வளர்த்தவருக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு அழகாக முடி போட்டாலும் பிறகு சரிசெய்ய முடியாத ஒரே தப்பு இதுதான். படத்தையும் போட்டோவையும் தலைகீழாகத் திருப்பி வைத்தோ, கண்ணாடியில் காட்டியோ பாருங்கள், பிசகு பளிச்சென்று தெரியும்.

வெள்ளை எங்கே இருக்கிறது?

ராஜபாளையம் நாயைத் திண்ணையில் உட்காரவைத்துக் கவனியுங்கள். மனம் ‘வெள்ளை’ என்று சொல்லும். ஒரு சாம்பல் நிற அட்டையில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியே கழுத்தின் நிழல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளையே இல்லை. நீலம் கலந்த சாம்பல் இருக்கும். முதுகின் மேல்பக்கத்தில் வானத்தின் நீலம் விழுந்திருக்கும். தாடைக்குக் கீழேயும் வயிற்றிலும் தரையின் நிறம் ஏறியிருக்கும். செம்மண் தரையானால் மங்கிய ஆரஞ்சு, சிவப்பு ஆக்ஸைடு பூசிய சிமெண்டுத் தரையானால் இளஞ்சிவப்பு, புல்லானால் பச்சைச் சாயல். முடி குட்டையாக இருப்பதால் மூக்கின் பக்கங்களிலும் கண்ணைச் சுற்றியும் காதின் உட்புறத்திலும் தோலின் சிவப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். வெள்ளை நாய், தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிறங்களையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு இந்த நாயை வரைவதில் உள்ள மகிழ்ச்சி வேறு எதிலும் கிடைக்காது என்பேன்.

வெளிச்ச அளவை 1 முதல் 10 வரை மனதில் வகுத்துக்கொள்ளுங்கள். 1 என்பது ட்யூபிலிருந்து வரும் டைட்டானியம் ஒயிட், 10 என்பது உங்களால் கலக்க முடிந்த மிக அடர்ந்த கறுப்பு. திண்ணை வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளை நாயின் வெளிச்சப் பக்கத்தை நான் 2-ல் வைப்பேன், நிழல் பக்கத்தை 4-லோ 5-லோ வைப்பேன். 1 என்பதைத் தொடவே மாட்டேன். கடைசியில் புருவ மேட்டில் ஓரிடம், மூக்குத் தண்டில் ஓரிடம், தோளில் ஓரிடம், அவ்வளவுதான். எடுத்த எடுப்பிலேயே தூய வெள்ளையைப் பூசிவிட்டால் அதற்கு மேல் போக இடமில்லை. எங்கே ஒளி கூடினாலும் காட்ட வழி இருக்காது. நிழல் 5 வரை போவதற்குப் பயப்படாதீர்கள். வெயிலில் நிற்கும் கறுப்பு நாயின் முதுகு மினுமினுப்பு, நிழலில் படுத்திருக்கும் வெள்ளை நாயின் வயிற்றைவிட வெளிச்சமாக இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தாலும் இது தெளிவாகும்.

இந்தச் சாம்பல்களுக்குக் கறுப்பு ட்யூப் வாங்க வேண்டாம். அல்ட்ராமரின் புளூவையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் ஆழமான நடுநிலைச் சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் வெம்மையான நிழல். அதில் வெள்ளையைச் சேர்த்து வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் புளூ, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், எல்லோ ஓக்கர், அலிசரின் கிரிம்சன். இந்த ஆறு ட்யூப்களில் ராஜபாளையம் நாய் முழுவதும் அடங்கும். வெள்ளை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள், மற்றவை தீர்வதற்குள் அது தீர்ந்துவிடும்.

முதல் பூச்சுக்கு ஓர் அங்குலப் பட்டை பிரஷ். அதைவிடச் சின்னதைக் கையில் எடுக்காதீர்கள். வெளிச்சம், இடைநிறம், நிழல் என்று மூன்றே கலவை. மண்டை ஓர் உருண்டை, மூஞ்சி அதிலிருந்து நீளும் ஒரு கட்டை, கழுத்து ஓர் உருளை. இந்த மூன்றும் எந்தப் பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்புகின்றன என்பதை மட்டும் காட்டுங்கள். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரிய குழிகள் போதும். இந்த நிலையில் பத்தடி தள்ளி வைத்துப் பார்த்தால் இன்ன நாய் என்று அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லையானால் மேலே போகாதீர்கள், இங்கேயே திருத்துங்கள்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக்

எண்ணெய் வண்ணத்துக்குப் பல நூற்றாண்டு வயது. தண்ணீரில் கரையும் ஓவிய அக்ரிலிக் 1950-களின் நடுவில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. பழைய ஓவியர்கள் ஈரத்தோடு ஈரமாகக் குழைத்துச் செய்த வேலையை இதில் அப்படியே செய்ய முடியாது. தண்ணீர் ஆவியானதும் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும், பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் நீங்கள் நிழலுக்கு நிறம் பார்ப்பதற்குள் தட்டில் இருக்கும் வண்ணம் தோல் கட்டிவிடும்.

விசிறியை நிறுத்த முடியாவிட்டால் கான்வாஸை அதன் காற்றுப் படாத மூலைக்கு நகர்த்துங்கள். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சோ பழைய பருத்தித் துணியோ விரித்து, அதன் மேல் கேக் சுடப் பயன்படுத்தும் பட்டர் பேப்பரை வையுங்கள். மெழுகுத்தாள் ஆகாது, ஈரம் ஏறாது. அந்தத் தாளின் மேல் வண்ணத்தைப் பிழிந்தால் வேலை முடியும்வரை இளகியே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் உதவும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைச் சில துளி சேர்க்கலாம். லேபிளில் சொன்னதற்கு மேல் ஊற்றினால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். பிரஷைத் தண்ணீரில் நட்டுவைக்காதீர்கள், முனை வளைந்துவிடும். காயவும் விடாதீர்கள். அவ்வப்போது அலசி, முடிவில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று கட்டாயம் கவனிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது அக்ரிலிக்கின் பசை பால் நிறமாக இருக்கும். காய்ந்தால் அது கண்ணாடியாகத் தெளியும், ஆகவே நிறம் ஒரு படி கறுத்துவிடும். வெள்ளை நாயின் இடைநிறங்களில் இந்தக் கறுப்பு துல்லியமாகத் தெரியும். ஒரு துண்டுத் தாளில் தடவி, ஊதிக் காயவைத்து, போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கான்வாஸுக்குப் போங்கள். வேண்டிய நிறத்தைவிடச் சற்று வெளிறக் கலப்பது நாளடைவில் பழகிவிடும்.

சீக்கிரம் காய்வதில் பெரிய லாபமும் உண்டு. காய்ந்த அடுக்கின் மேல் புது அடுக்கு வைத்து, பிடிக்கவில்லையென்றால் உடனே ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம், கீழே உள்ளது அசையாது. கண்ணையும் மீசையையும் பயமில்லாமல் முயன்று பார்க்க இதைவிட ஏற்ற ஊடகம் கிடையாது. கிளேசிங் மீடியத்தில் துளி நிறம் கலந்து கண்ணாடிப் படலமாகப் பூசுவதும் இதனால்தான் கைகூடுகிறது. தாடைக்குக் கீழே செம்மண் ஒளியை வெள்ளையோடு கலந்து பூசினால் அழுக்காக விழும். சாம்பல் காய்ந்த பின் அதன் மேல் ஓக்கரும் சியன்னாவும் கலந்த மெல்லிய கிளேஸ் போட்டால் ஒளி உள்ளிருந்து வரும்.

பிரஷ் கழுவிய தண்ணீர் டம்ளரை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், பூனைக்கும்தான். தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடும். சில வண்ணங்களில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன.

கண், மூக்கு, காது

ஆல்பிரெக்ட் டியூரர் 1502-ல் வரைந்த முயல் வியன்னாவின் ஆல்பர்டினாவில் இருக்கிறது. அதன் கண்ணுக்குள் உற்றுப் பாருங்கள், ஒரு ஜன்னல் தெரியும், சட்டங்களோடு. முயலின் முடியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அது உயிரோடு ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று நம்மை நம்பவைப்பது அந்தச் சின்ன ஜன்னல்தான். கண்ணில் வைக்கும் ஒளிப்புள்ளிக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

ராஜபாளையம் நாயின் கண்ணைப் படிப்படியாகச் செய்வோம். முதலில் கண் முழுவதும் பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் கலந்த கருமை. காய்ந்ததும் பாப்பாவை நடுவில் விட்டுவிட்டுச் சுற்றிலும் பர்ன்ட் சியன்னா. மேல் இமை கண்ணின் மேல் ஒரு நிழலைப் போடும், அதனால் மேல்பாதி கருத்தே இருக்கட்டும். ஒளி மேல் இடப்பக்கத்திலிருந்து வந்தால் அது கண்ணுக்குள் புகுந்து கீழ் வலப்பக்கத்தில் பொன்னாகத் தேங்கும். அந்த இடத்தில் ஓக்கர், அதன் நடுவில் ஓக்கரோடு வெள்ளை. இந்தப் பிறைதான் கண்ணை உருண்டையாக்குகிறது. கீழ் இமையின் விளிம்பில் ஈரம் மின்னும் ஒரு மெல்லிய வெளிர்க்கோடு. எல்லாம் காய்ந்த பின், ஒளி வரும் பக்கத்தில், பாப்பாவும் பொன்னிறமும் சேரும் இடத்தில் ஒளிப்புள்ளி. வானத்தின் ஒளியானால் அதில் துளி நீலம் இருக்கட்டும். இரண்டு கண்ணிலும் ஒரே திசையில் வையுங்கள். தலை திரும்பியிருந்தால் தூரத்துக் கண்ணில் சற்று மங்கலாக வையுங்கள். நாயின் கண்ணில் வெண்விழி பெரும்பாலும் தெரியாது, மனிதக் கண்ணை நினைத்துக்கொண்டு அதைச் சேர்த்துவிடாதீர்கள். பூனையின் பாப்பா வெளிச்சத்தில் செங்குத்தான கீற்றாகவும் ஆட்டின் பாப்பா படுக்கை வாட்டிலும் இருக்கும்.

மூக்குக்கு வெள்ளை, சியன்னா, துளி அலிசரின். ரோஜா நிறமாக்கிவிடாதீர்கள், கொஞ்சம் சாம்பல் சேர்த்து அடக்குங்கள். மூக்குத் துவாரத்தில் கறுப்பு வேண்டாம், சியன்னாவும் அலிசரினும் கலந்த அடர்ந்த சிவப்புப் பழுப்பு அங்கே உயிரோடு இருக்கும். மூக்கின் மேல்தோலில் சிறு மேடுகள் உண்டு. ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் சில புள்ளிகள் வைத்தால் முழுவதும் இருப்பதாகவே தெரியும்.

காதுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். தோல் மெலிதாக இருப்பதால் ஒளி ஊடுருவிக் காது செம்பொன்னாக எரியும், நரம்புகூடத் தெரியும். சியன்னாவும் சிவப்பும் கலந்த கிளேஸை இரண்டு மூன்று தடவை பூசி அந்த வெம்மையை ஏற்றுங்கள். குளிர்ந்த சாம்பல் நிறைந்த படத்தில் இந்த ஓரிடம் முழு நாய்க்கும் இரத்தம் ஓடச்செய்யும்.

இப்போது முடி

மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். முடி எங்கிருந்து கிளம்பி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர்கள் பார்க்கும் கூர்மை நமக்கும் வேண்டும். போட்டோவின் இன்னொரு பிரதியை எடுத்து, முடி போகும் திசைகளை அம்புக்குறிகளாகப் போடுங்கள். மூக்கிலிருந்து நெற்றி நோக்கி மேலே போகும். கண்ணைச் சுற்றி வெளிப்பக்கமாக விரியும். கன்னத்தில் பின்னோக்கிப் படுத்து, கழுத்தில் கீழே இறங்கி, நெஞ்சின் நடுவில் இரண்டு பக்கத்து முடியும் சந்தித்து ஒரு சுழியோ வகிடோ உண்டாகும். எந்த இடத்திலும் பிரஷ் இந்த அம்புக்கு எதிராகப் போகக் கூடாது.

கருவி, முனை விரிந்துபோன பழைய ஃபில்பர்ட் பிரஷ். வண்ணத்தைத் தொட்டு, துணியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, நிழலும் இடைநிறமும் சேரும் எல்லையில் முடி போகும் திசையில் லேசாக இழுங்கள். ஒரே இழுப்பில் ஏழெட்டு முடி விழும். இழுப்பின் முடிவில் கையைத் தூக்கிவிட்டால் நுனி கூர்மையாகும். நிழலின் நடுவிலும் வெளிச்சத்தின் நடுவிலும் ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டும் சந்திக்கும் இடத்திலும், கழுத்து பின்னணியோடு சேரும் விளிம்பிலும், காதின் ஓரத்திலும் மட்டும் முடி தெரிந்தால் உடம்பு முழுக்க முடி இருப்பது புரிந்துவிடும். விளிம்பு முழுவதையும் ஒரே கூர்மையில் முடிக்காதீர்கள். வெளிச்சப் பக்க விளிம்பு தெளிவாகவும் நிழல் பக்க விளிம்பு பின்னணியில் கரைந்தும் இருக்கட்டும். பின்னணி 5 அல்லது 6 அளவில் மங்கிய பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வெள்ளை தானாக எழும். கரும் பின்னணி வைத்தால் நாய் கத்தரித்து ஒட்டியதாகிவிடும்.

மீசை கடைசியிலும் கடைசி. வண்ணத்தை மை பதத்துக்கு இளக்கி, நீள முனை லைனர் பிரஷில் முழுக்க ஏற்றி, மணிக்கட்டை வைக்காமல் தோளிலிருந்து ஒரே மூச்சில் வீசுங்கள். தப்பினால் உடனே ஈரத்துணி இருக்கிறது.

மற்ற முடிகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னி நாயைப் போலக் கறுப்பும் தாமிரப் பழுப்பும் கொண்ட உடம்புக்குக் கறுப்பை அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்து செய்யுங்கள். மினுமினுப்புக்கு வெறும் வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூத்துவிடும், நீலத்தைக் கூட்டிப் பிறகு வெள்ளை சேருங்கள். பொமரேனியன் போன்ற சடைமுடிக்குத் தனி முடியை மறந்து கொத்து கொத்தாகப் பாருங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். வரிப்பூனையின் பட்டைகள் உடம்பின் வளைவைப் பின்தொடர்கின்றன, நேர்க்கோடாகப் போட்டால் பூனை தட்டையாகும்.

வளர்த்தவரிடம் கேளுங்கள்

உங்களிடம் வரும் படங்களில் பல, இறந்துபோன பிராணிகளுடையவை. போட்டோ மங்கலாக இருக்கும், இரண்டு மூன்றுதான் கிடைக்கும். வரைவதற்கு முன் வளர்த்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்படி ஒரு வீட்டில் நான் கோட்டுப்படத்தைக் காட்டியபோது, நாயை வளர்த்த பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இடது காது நுனி கொஞ்சம் கிழிஞ்சிருக்கும் தம்பி. பன்னி கடிச்சது. அதை விட்ராதீங்க” என்றார். போட்டோவில் அந்தக் காது நிழலில் இருந்தது. கிழிசலைச் சேர்த்த பிறகு அவர் படத்தைத் தொட்டுப் பார்த்தார். மூக்கைச் சுற்றிய நரை, கண்ணில் விழுந்த புரை, கழுத்துப் பட்டை தேய்த்த தடம், எதையும் அழகுபடுத்துவதாக நினைத்து நீங்களாக நீக்காதீர்கள். எந்த வயதில் இருந்தபடி வேண்டும் என்றும் கேளுங்கள். சிலர் துள்ளித் திரிந்த பருவத்தைக் கேட்பார்கள், சிலர் கடைசி வருடத்து முகத்தையே கேட்பார்கள். இரண்டும் நியாயமானதுதான்.

வார்னிஷும் கட்டுவதும்

தொட்டால் காய்ந்துவிட்டது என்று தோன்றினாலும் உள்ளே முழுக்க இறுகச் சில நாட்களாகும், தடித்த இடங்களுக்கு வாரங்களாகும். அதுவரை வார்னிஷ் வேண்டாம். கையெழுத்தை வார்னிஷுக்கு முன்பே போட்டுவிடுங்கள். மழைநாளில், காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது அடித்தால் வார்னிஷ் பால் பூத்துவிடும், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, தூசி இல்லாத அறையில் இரண்டு மெல்லிய கோட் அடியுங்கள். பளபளப்பு வார்னிஷ் கறுப்பு நாய்க்கு ஆழம் தரும், மேட் வார்னிஷ் கருமையைச் சற்று வெளிற வைக்கும். வெள்ளை நாய்க்குப் பாதிப் பளபளப்பு உள்ள சாட்டின் என் விருப்பம்.

அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும். இரண்டு படங்களை முகத்தோடு முகமாக அடுக்கினால் ஒட்டிக்கொண்டு பிரியும்போது உரிந்துவரும். பார்சல் அனுப்பும்போது குமிழ்த்தாளை நேராகப் படத்தின் மேல் சுற்றாதீர்கள், வண்டியின் சூட்டில் குமிழ் குமிழாகத் தடம் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் படத்தைத் தொடாதபடி நான்கு மூலையிலும் அட்டைக் காப்பு, பிறகுதான் குமிழ்த்தாள். வாங்குகிறவரிடம் வீட்டில் நேர்வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள். தூசி படிந்தால் மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டினால் போதும், ஈரத்துணியோ சோப்போ வேண்டாம்.